தோட்டப் பிள்ளைத்தமிழ்: ஓர் இலக்கணச் சுருக்கம்

பாயிரம் இல்லாத நூலைப் பண்டிதர்கள் தொடமாட்டார்கள். ஆகவே அதை முதலில் முடித்துவிடுவோம். நன்னூலார் கேட்கும் எட்டுக்கும் விடை இது. ஆக்கியோன்: கோலா கங்சார்வாசி, வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக உட்காரவைக்கப்படுபவன். வழி: தொல்காப்பியத்தின் வழிநூல், தொல்காப்பியர் இதுவரை ஆட்சேபனை எதுவும் தெரிவிக்கவில்லை. எல்லை: மேற்கே பாடாங் ரெங்காஸ், கிழக்கே சுங்கை சிப்புட், வடக்கையும் தெற்கையும் பேராக் ஆறு பார்த்துக்கொள்ளும். நூற்பெயர்: மேலே உள்ளது. யாப்பு: தொகுத்துச் சொல்வது, விரித்தால் அச்சுக்கூலி கூடும். நுதலிய பொருள்: தோட்டத்துப் பிள்ளை கதைக்குள் எப்படி வளர்கிறது என்பது. கேட்போர்: போட்டிக்குக் கதை அனுப்புகிறவர்கள். பயன்: ஆறுதல் பரிசு.

பிள்ளை வளரும் கதையைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக ஐரோப்பியர்கள் நம்புகிறார்கள். கேட்டால் 1795-இல் வெளிவரத் தொடங்கிய கோத்தேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்' நாவலை எடுத்துக் காட்டுவார்கள். சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனுக்குப் பிள்ளைத்தமிழ் பாடி முடித்துவிட்டார். பருவம் பத்து, பருவத்துக்குப் பாட்டு பத்து, ஆக நூறு என்பது பிற்காலத்தில் நிலைத்த கணக்கு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாலுக்கும் பொது. அதன்பின் ஆண்பிள்ளை சிற்றில் சிதைக்கும், சிறுபறை கொட்டும், சிறுதேர் உருட்டும். பெண்பிள்ளை நீராடும், அம்மானை ஆடும், ஊசலில் ஏறும். ஒவ்வொரு பருவமும் தனிக் காட்சி. செங்கீரை ஆடிய பிள்ளை எந்தச் சம்பவத்தால் சப்பாணி கொட்டக் கற்றது என்று எந்தப் புலவரும் விளக்கியதில்லை. துண்டு துண்டான சித்திரங்களை அடுக்கி ஒரு குழந்தைமையைக் காட்டுவது என்று இன்று எழுத்துப் பட்டறைகளில் கட்டணம் வாங்கிச் சொல்லித்தருகிறார்களே, அது இதுதான்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நூறு பாட்டு முடிந்த பிறகும் பிள்ளை பிள்ளையாகவே இருக்கும். அது வளர்ந்திருக்கிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சான்று அதன் சுற்றுப்புறம் மாறியிருப்பது மட்டுமே: முன்னே தொட்டில் இருந்தது, இப்போது தேர் இருக்கிறது. இந்நூல் முழுவதும் இந்த ஒரு புள்ளியின் மேல்தான் நிற்கிறது.

மலேசியத் தமிழ்க் கதைகளில் மரபு அப்படியே இருக்கிறது, பருவங்களின் பெயர்தான் வேறு. ஆயாக்கொட்டகை, பீலி, கொட்டை, ஒட்டுப்பால், பள்ளி, படம், திருவிழா, சைக்கிள், காடு, பஸ் எனத் தோட்டத்துப் பிள்ளைக்கும் பருவம் பத்து. காப்புப் பருவத்தில் திருமால் முதலானோர் பார்த்துக்கொண்ட வேலையை ஆயாக்கொட்டகையில் ஆயா ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள். அம்மா விடியுமுன்பே வாளியும் கத்தியுமாய்க் காட்டுக்குப் போயிருப்பாள். தூக்கம் கலையாத பிள்ளை கண்விழிக்கும்போது வேறு தூளியில் கிடக்கும். பீலிப் பருவத்தில், அதாவது லயத்துப் பொதுக்குழாயடியில், பிள்ளை சமூகவியல் கற்கிறது. யார் யாரோடு பேசுவதில்லை, நேற்று ராத்திரி எந்த வீட்டில் அடி விழுந்தது, யார் குடத்துக்குப் பிறகு யார் குடம். படப் பருவத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். பிள்ளை பெரும்பாலும் துணியின் பின்பக்கம் உட்கார்ந்து எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவதைப் பார்க்கும். மற்றப் பருவங்களை அவரவர் ஊகித்துக்கொள்ளலாம்.

கொட்டைப் பருவத்துக்கு மட்டும் சற்று நிற்க வேண்டும். வெயில் காய்ந்த நாட்களில் ரப்பர் காய் பட்டென்று வெடித்துக் கொட்டையை எங்கோ எறியும். வழவழப்பான பழுப்புத் தோடு. அதன் மேல் கரும்பழுப்புத் திட்டுகள், ஒரு கொட்டையில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. அதைச் சிமெண்டுத் தரையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பரபரவென்று தேய்க்க வேண்டும். போதுமான சூடு ஏறியதும் பக்கத்தில் குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பவன் தொடையில் வைத்து அழுத்த வேண்டும். உராய்வு வெப்பமாக மாறும் என்னும் பௌதிக விதியைப் பேராக் மாநிலத்துப் பிள்ளைகள் இவ்வாறே கற்றார்கள். இலக்கிய வரலாற்றுக்கும் இதில் பங்கு உண்டு. சூடு வைத்தவன் பிற்காலத்தில் ஆள்களை மேய்க்கும் தண்டலாகிறான். அலறியவன் எழுத்தாளனாகிறான். ஆகவேதான் நம் கதைகளில் கொட்டைப் பருவம் எப்போதும் அலறியவன் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்டிருக்கிறது. வைத்தவனுடைய கதை இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. எனக்கு அதைப் படிக்கத்தான் ஆசை.

இனி முதல், கரு, உரி. ஈழத்திலிருந்து குளிர்தேசங்களுக்குப் போனவர்கள் பனியையும் பனி சார்ந்த இடத்தையும் ஆறாம் திணையாகப் பதிவு செய்துகொண்டார்கள். நாம் அவர்களுக்கு முன்பே வந்து, வழக்கம்போல் பதிவு செய்யத் தவறியதால், நமக்கு ஏழாவதுதான் கிடைக்கும். திணையின் பெயர் கித்தா, அதாவது ரப்பர். சிறுபொழுது வைகறை. பால் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் சீக்கிரம் நின்றுவிடும். ஆகவே இருட்டிலேயே பிரட்டு. தொல்காப்பியர் வைகறையை மருதத்துக்குக் கொடுத்து, மருதத்துக்கு உரிப்பொருளாக ஊடலையும் வைத்தார். விடிவதற்கு முன் பிரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடும்போது கணவனும் மனைவியும் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டவர்கள் அவருடைய தீர்க்கதரிசனத்தை மெச்சாமல் இருக்க மாட்டார்கள். தெய்வம் முனியாண்டி. பறை தப்பு. விலங்கு துரையின் நாய். யாழுக்கு நேரானது வானொலி ஆறு. பெரும்பொழுது இலையுதிர் காலம்; அந்த மாதங்களில் மரங்கள் மொட்டையாகி, பால் குறைந்து, சம்பளம் இளைக்கும். கதைகளில் பெரியவர்கள் சாவதற்கு ஒதுக்கப்பட்டதும் இக்காலமே.

உள்ளுறை என்று வந்தால் ஒன்றே ஒன்றுதான். வெட்டுப்பட்ட மரம் பால் கொடுக்கிறது, அடிபட்ட தாயும் பால் கொடுக்கிறாள். இந்த உள்ளுறையை ஒவ்வோர் எழுத்தாளரும் தாமே முதன்முதலாகக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த இரவில் அவருக்குத் தூக்கம் வராது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மரத்தைப் பற்றிய உருப்படியான ஒரு செய்தி இதில் விடுபட்டுப்போகிறது. எல்லா மரத்தையும் எடுத்த எடுப்பில் சீவ மாட்டார்கள். நட்டு ஐந்தாறு வருஷம் காத்திருந்து, நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றிப் பார்த்து, சுற்றளவு 45 முதல் 50 சென்டிமீட்டர் ஆகியிருந்தால்தான் கத்தி. மரம் எப்போது பருவத்துக்கு வரும் என்பதற்கு அளவு இருக்கிறது, நாடா இருக்கிறது, குறித்துவைக்கக் கிராணி இருக்கிறார். கதாநாயகன் எப்போது பருவத்துக்கு வருகிறான் என்பதற்கு எழுத்தாளரிடம் நாடா இல்லை. அணிகளைத் தேடி அவர் அலைவது இதனால்தான்.

அந்த அணிகளும் அவருக்குச் சிறுவயதிலேயே ஊட்டப்பட்டவை. தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் என்றொரு பகுதி உண்டு. பழமொழி, மரபுத்தொடர், உவமைத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி என்று ஆண்டுக்கு இத்தனை எனப் பிரித்துக் கொடுப்பார்கள்; கட்டுரையில் பொருத்தமாக நுழைத்தால் புள்ளி கூடும். கூட்டாளிகள் என்றால் நகமும் சதையும் போல. சேதி பரவினால் காட்டுத் தீ போல. கவலை தீர்ந்தால் சூரியனைக் கண்ட பனி போல. பனியைப் பிள்ளை பார்த்திருப்பது அம்மாவின் முகப் பவுடர் டப்பாவின் மூடியில் மட்டும் என்றாலும் பரவாயில்லை. வேதனைப்பட்டால் அனலில் இட்ட மெழுகு போல. ஆக, பத்து வயதுப் பிள்ளைக்குத் துயரம் வந்து சேருவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே துயரத்துக்கான உவமைத்தொடர் வந்து சேர்ந்துவிடுகிறது. துயரம் வந்த பிறகு பிள்ளை அதை அடையாளம் காண்பது மெழுகைக் கொண்டுதான். நாற்பது வயதில் தன் குழந்தைப்பருவத்தைப் பற்றி எழுத உட்காரும்போதும் அதே மெழுகு உருகுகிறது. இதைப் பாடத்திட்டத்தின் தோல்வி என்று சிலர் சொல்கிறார்கள். சிலை மேல் எழுத்து போல இத்தனை ஆண்டு நிற்கும் ஒன்றைத் தோல்வி என்பது நியாயமல்ல.

சித்திரங்கள் ஏன் துண்டு துண்டாக இருக்கின்றன என்பதற்கு மேனாட்டு விமர்சகர்கள் நினைவின் இயல்பு, மனத்தின் சிதறல் என்று காரணம் காட்டுவார்கள். நம் காரணம் எளியது. ஞாயிறு பதிப்பில் ஒரு கதைக்கு ஒதுக்கும் இடம் அவ்வளவுதான். மலாயாவில் கதை எழுதுவதே பத்திரிகை வழியாகத்தான் கற்பிக்கப்பட்டது: 1950-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' தொடங்கினார்கள், அதிலிருந்து ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். நாவலுக்கு அச்சகம் வேண்டும், அச்சகத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு மாமனார் வேண்டும். ஆகவே பிள்ளை வாரத்துக்கு ஒரு பக்கம் வளர்ந்தது. இதே காலத்தில்தான் தோட்டங்களும் துண்டாயின. சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் கைகழுவிய தோட்டங்களை வாங்கியவர்கள், கூறு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்களைப் பார்த்துத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டினால் போதும், நாமே வாங்கலாம் என்றார். சங்கம் தோட்டங்களை வாங்கியது. கதைகளை ஒன்றுசேர்க்க இதுபோல் சங்கம் எதுவும் அமையவில்லை.

இப்போது தலைமைச் சூத்திரம். பிள்ளை வளர்வதில்லை, சுற்றியிருப்பவை குறைகின்றன. இதனாற் சொல்லியது என்னையோவெனின், கதையின் தொடக்கத்தில் பிள்ளையைச் சுற்றி மரம், கோயில், பாட்டி, நாய், ஆறு என ஐந்து பொருள் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். எல்லாம் எடுத்த பிறகு நடுவில் தனியாக நிற்கும் பிள்ளை பெரியவனாகத் தெரிவான். அவன் உயரம் ஓர் அங்குலம்கூடக் கூடியிருக்க வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டு பேராக் மண்ணிலேயே இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் 1951-இல் பிறந்த கேலிச்சித்திரக்காரர் லாட், 1979-இல் 'கம்போங் பாய்' வெளியிட்டார். பிறப்பு, குரான் வகுப்பு, ஆற்றுக் குளியல், சுன்னத்து, கூட்டாளிகளோடு திருட்டுத்தனமாய் ஈயம் அரித்தல் என்று பக்கத்துக்குப் பக்கம் தனித்தனிச் சித்திரம். பிள்ளைத்தமிழுக்கு இதைவிட நெருங்கிய உறவு மலாயில் இல்லை. பையன் ஈப்போவுக்கு விடுதிப் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் கம்பத்து நிலத்தின் மேல் ஈயக் கம்பெனியின் கண் விழுந்திருக்கிறது. பஸ் பருவமும் குறைத்தலும் ஒரே இடத்தில். 1981-இல் வந்த கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' கெடாவில் நடப்பது. ரவி இங்கிலீஷ் பள்ளியில் படித்து, சீமைக்குப் போய், வாத்தியாராகித் திரும்புகிறான். அவன் வளர வளர, பாட்டி போகிறாள், வீடு போகிறது, கடைசியில் அப்பா தான் கட்டிய வீட்டோடு தீயில் போகிறார். இந்த அளவுக்குக் குறைத்தால் யாரும் வளர்ந்துதான் ஆக வேண்டும். 2008-இல் வந்த பிரீத்தா சமரசனின் ஈப்போ நாவல் குறுந்தொகைப் பாட்டிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு, கதையைப் பின்னோக்கி நடத்துகிறது: வேலைக்காரப் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்புவதை முதலில் வைத்துவிட்டு, ஏன் என்பதற்குப் பின்னால் பின்னால் போகிறது. ஆறு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எடுத்துவிட்ட பொருளிலிருந்து தொடங்கி, இருந்த பொருளுக்குப் போவது என்பது சூத்திரத்தைத் தலைகீழாய்ப் பிடித்தும் நிரூபிக்க முடியும் என்பதற்குச் சான்று. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' படத்தில் இன்னும் சிக்கனம்: தோட்டம் படம் தொடங்குமுன்பே எடுபட்டுவிட்டது. பன்னிரண்டு வயது அப்போய் வெளியே புறம்போக்குக் குடிசைகளில், அடிக்கிற அப்பாவுக்கும் அடியாள் சித்தப்பாவுக்கும் நடுவில் வளர்கிறான். அடுத்த வருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. சூத்திரக்காரன் என்ற முறையில் மகிழ்ச்சிதான்.

தாத்தா என்னும் கருவியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கதைத் தாத்தா 1942-இல் சயாம் மரண ரயிலுக்குப் போய், உயிரோடு திரும்பி, 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டபோது பக்கத்து நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்து, அவசரகாலத்தில் முள்வேலிக்குள் அடைபட்டு, பேரனுக்கு இவையெல்லாம் சொல்லிவிட்டு, இலையுதிர் காலத்தில் சாக வேண்டியவர். எழுபதுகளில் வந்த கதைகளில் கணக்குச் சரியாக இருந்தது. 1926-க்குப் பின் பிறந்தவர் சயாமில் முழு ஆள் வேலை செய்திருக்க முடியாது என்பதால், போன மாதம் என் மேசைக்கு வந்த கதைகளில் தாத்தாவுக்கு நூறு வயதாகிறது. ஆனாலும் பேரனை முன்னால் உட்காரவைத்துச் சைக்கிள் மிதிக்கிறார். அவரை ஓய்வுபெறவிடுவது மனிதாபிமானம்.

பெண்பிள்ளைக்கு இந்த இலக்கணம் முக்கால்வாசி செல்லாது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பாட்டியல் நூல்கள் ஏழு பருவம் வகுத்து, வயதும் குறித்துவைத்தன. தோட்டத்தில் பெதும்பைக்கும் மங்கைக்கும் இடையே இருப்பது ஒரு பிற்பகல். ஆண்பிள்ளை வயதுக்கு வருவதைக் காட்ட எழுத்தாளர் உருவகம் தேடி மரத்தை வெட்ட வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளைக்கு நாள் நட்சத்திரம் குறித்து, தாய்மாமன் ஓலைக்குடிசை கட்டி, சடங்குக்குப் பத்திரிகையே அச்சடித்துவிடுவார்கள். உருவகத்துக்கு வேலையில்லை. அதன் பிறகு வரும் பத்தியில் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு அம்மாவின் நிரையில் ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருப்பாள். ஆண்பிள்ளை பஸ் ஏறும்போது ஜன்னல் வழியே தெரிகிறாளே, ஓர் அக்கா, அவள்தான். அவளுடைய மொத்த நாவலும் இவன் கதையில் ஒரு வாக்கியம். பத்துப் பருவத்தில் கடைசிப் பருவமான பஸ்ஸுக்கு அவளைக் கூப்பிட்டவர் யாருமில்லை.

இனி எங்கள் ஊர். சூத்திரத்துக்கு ஒரே இடைஞ்சல் கோலா கங்சார்தான்.

1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை சிலவே. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் ஒன்பது பேராக் ரெசிடெண்டு ஹியூ லோவின் தோட்டத்துக்கு, கோலா கங்சாருக்கு வந்தன. ஒன்று இன்னும் நிற்கிறது, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலியும் பலகையுமாக. தோட்டத்து மரத்துக்கு இருபத்தைந்து முப்பது வருஷம்தான் ஆயுள். அதன்பின் வெட்டிப்போட்டு மறுநடவு. இந்த மரம் ஒன்றரை நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது. கோடிக்கணக்கான மரங்களுக்கும், அவற்றைச் சீவக் கப்பலேறி வந்த நம் பாட்டன்மாருக்கும், அவர்களைப் பற்றிய கதைகளுக்கும் மூலகாரணங்களில் ஒன்று, யாரும் சீவாமல், சும்மா நிற்கிறது. மணிக்கூண்டு இருக்கிறது. அரண்மனை இருக்கிறது. ஆறு இருக்கிறது. எதையும் யாரும் எடுப்பதாக இல்லை. சூத்திரப்படி பார்த்தால் இவ்வூரில் பிள்ளைகள் வளர்வதற்கு வழியே கிடையாது.

வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. 1905-இல் இங்கே தொடங்கிய மலாய்க் கல்லூரிக்கு 1954-இல் அந்தனி பர்ஜெஸ் ஆசிரியராக வந்தார். ஊரைக் கோலா ஹந்து என்று பெயர் மாற்றி 1956-இல் 'டைம் ஃபார் எ டைகர்' என்னும் நாவலை வெளியிட்டார். நாவல் நிறையப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள். ஆனால் அதன் பாரம் விக்டர் கிராப் என்ற வாத்தியார் மேலும், நேபி ஆடம்ஸ் என்ற போலீஸ் அதிகாரியின் பீர் தாகத்தின் மேலும்தான் விழுகிறது. யாரும் வளர்வதாகத் தெரியவில்லை. குடிக்கிறார்கள்.

குறைக்காமல் வளர்க்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் நம் பக்கத்திலேயே ஐந்து வருஷம் இருந்தது. கு. அழகிரிசாமி 1952-இல் கோலாலம்பூர் வந்து, தமிழ் நேசனில் ஆசிரியராக இருந்து, இலக்கிய வட்டம் நடத்தி, 1957-இல் ஊர் திரும்பினார். அவருடைய 'அன்பளிப்பு' கதையில் மற்றப் பிள்ளைகளுக்கு மாமா ஒருவர் கொடுத்த டைரி சாரங்கனுக்குக் கிடைக்கவில்லை. யாரும் சாகவில்லை, எதுவும் சாயவில்லை. அவன் தானே ஒரு டைரி வாங்கிவைத்துக்கொண்டு, அதில் 'அன்பளிப்பு' என்று எழுதித் தரும்படி அந்த மாமாவிடம் நீட்டுகிறான். அவ்வளவுதான். கதையில் எல்லாப் பொருளும் இருந்த இடத்தில் இருக்கிறது, கூடவே ஒரு டைரி. அந்தப் பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில் சாரங்கனுக்கு வயது என்ன என்று எந்தப் பாட்டியல் நூலும் சொல்லாது. இப்படி எழுதுகிறவரை நடுவில் வைத்துக்கொண்டு நாம் மரம் வெட்டிக் கொண்டிருந்தோம்.

புறனடை. மேற்சொன்னவற்றுக்குள் அடங்காதவை வந்தால் அவற்றையும் தழுவிக்கொள்வது இலக்கணகாரன் கடமை. போட்டியொன்றுக்குக் கோலா கங்சார் இளைஞர் ஒருவர் அனுப்பிய கதை அப்படிப்பட்டது. பையனுக்குப் பன்னிரண்டு வயது. மலேசியாவில் அரசாங்கத்துக்கு வளர்பருவம் பற்றி எந்தக் குழப்பமும் இல்லை: பன்னிரண்டு முடிந்தால் அடையாள அட்டை எடுக்க வேண்டும். பையன் பதிவிலாகாவுக்குப் போகிறான், பாட்டியோடு. பாட்டி, இன்னும் குடியுரிமை கிடைக்காதவள், தன் சிவப்பு அட்டையையும் புதுப்பிக்க வேண்டும். வரிசை எண் வருகிறது. பையனின் கட்டைவிரல் இயந்திரத்தில் உடனே பதிகிறது. பாட்டியினது பதியவில்லை. கத்தி பிடித்தும் பாலைத் தேய்த்துத் தேய்த்தும் ரேகை மழுங்கிவிட்டது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார்கள். வைக்கிறாள். மறுபடி. பாட்டி தன் கையையே ஏதோ தப்புப் பண்ணிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். பையன் நாற்காலியை விட்டு எழுந்து, "இருங்க பாட்டி" என்று சொல்லி, அவள் விரலைத் தன் சட்டையில் துடைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே தன் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். பதிகிறது. திரும்பும் வழியில் அந்தப் பழைய மரத்துக்கு எதிரில் நின்று இருவரும் கச்சாங் பூத்தே வாங்கித் தின்கிறார்கள். பையனுக்கு நீல அட்டை, பாட்டிக்குச் சிவப்பு. முற்றும்.

நான் அதற்குத்தான் முதலிடம் போட்டேன். உடனிருந்த இரு நடுவர்களும் அனுபவசாலிகள். கதையில் மாற்றம் நிகழவில்லை, மொழியணி குறைவு, மரத்தை வைத்துவிட்டு ஆசிரியர் அதைப் பயன்படுத்தவில்லை என்று குறிப்பு எழுதினார்கள். குறிப்பு இளைஞருக்குப் போனது. அவர் கெட்டிக்காரர். அடுத்த வருஷம் அதே கதையைத் திருத்தி அனுப்பினார்: மூன்றாம் பக்கத்தில் மரம் இடிவிழுந்து சாய்ந்தது, நாலாம் பக்கத்தில் பாட்டி சாய்ந்தாள், ஐந்தாம் பக்கத்தில் அனலில் இட்ட மெழுகானான் பையன். இரண்டாம் பரிசு, ஐந்நூறு வெள்ளி. மரத்தைப் பற்றி மாவட்ட அலுவலகத்திலிருந்து புகார் எதுவும் வரவில்லை.